மஞ்சள் துணி கட்டிய மாமரம்

ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் போகும் உள்சாலையில், ஏரிக்கரை முடிந்து வளைந்ததும் இடக்கைப் பக்கம் பரிமளாவின் தோட்டம் இருக்கிறது. மொத்தம் ஒன்றே முக்கால் ஏக்கர். பதினோரு மாமரம், இரண்டு பலா, ஒரு வரிசை கொய்யா, கிணற்றடியில் நான்கு எலுமிச்சை, நடுவில் கிடைத்த இடத்திலெல்லாம் பந்தலும் பாத்தியும். தோட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அளவு இல்லை. ஆனாலும் கோடையில் அந்த வழியாக முதல் தடவை போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். மாமரங்களில் காயோடு காயாகத் துணி தொங்கும். விரல் அகலத்தில் கிழித்த துண்டுத் துணி, கொத்துக்கு ஒன்று.

“எங்க வூட்ல ஒரு சட்டையக் காணோம்னா பீரோவுல தேட மாட்டோம், மரத்துல தான் தேடுவோம்,” என்பான் அவள் கணவன் தேவநாதன். திண்டிவனத்தில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடை வைத்திருக்கிறான். தோட்டத்து விஷயத்தில் அவனுடைய பங்கு பழைய சட்டைகளைக் கொடுப்பதோடு சரி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தத் துணிகள் கிடையாது. மாமனார் இருந்தவரை பூ விடும்போதே மரங்களைக் குத்தகைக்கு விட்டுவிடுவார். அவர் காலமான வருஷம், நாமே பறித்து நாமே அனுப்பலாம் என்று பரிமளா இறங்கினாள். கோட்டக்குப்பத்தில் பழக்கடை வைத்திருக்கும் அமீருதீன் வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். எட்டாம் நாள் அதே வண்டியில் திரும்பி வந்தார். இரண்டு கூடைகளை இறக்கிக் கீழே வைத்து, மேலே மூடியிருந்த வைக்கோலை அவரே விலக்கினார். பழுத்திருக்க வேண்டிய காய்கள் காம்படியில் சுருக்கம் விழுந்து, தோல் துவண்டு, வெம்பிப் போய்க் கிடந்தன.

“காய் மேல குத்தம் இல்லம்மா. பறிச்ச கை அவசரப்பட்டுடுச்சி,” என்றார். அவ்வளவுதான். ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கத்தியிருந்தால் பரிமளாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், மறந்தும் போயிருக்கும். கத்தாமல் போனதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அன்று மாலையே அந்த இரண்டு கூடையையும் கொட்டி, ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்த்தாள். ஒரே மரத்துக் காய், ஒரே நாள் பறித்தது, ஒரே வைக்கோல். பாதி பழுத்திருக்கிறது, பாதி வெம்பியிருக்கிறது. ஏன்?

விடை தெரிய அவளுக்கு மூன்று கோடை ஆனது. மாமரம் ஒரே தடவையில் பூத்து முடிப்பதில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு பூ வரும், பத்து நாள் விட்டு இன்னொன்று வரும், மாசியில் மூன்றாவதாக ஒன்று வரும். பிந்திய காய் நல்ல கிளையில் பிடித்தால் முந்திய காயின் பருமனுக்கு வளர்ந்து பக்கத்திலேயே தொங்கும். இருபத்தைந்து நாள் வித்தியாசம் என்றால் பழகின கண்ணுக்குத் தெரியும். பத்து நாள் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் வைக்கோலுக்குத் தெரிந்துவிடும். ஆகவே காய்க்குத் தேதி வேண்டும்.

முதலில் காம்பில் நகத்தால் கீறிப் பார்த்தாள். கீறல் ஆறிவிட்டது. பெயின்ட் வைத்தாள், வெயிலில் உதிர்ந்தது. தேவநாதனின் கடையிலிருந்து தாமிரக் கம்பி கொண்டுவந்து சுற்றினாள். காம்பு பருக்கப் பருக்கக் கம்பி இறுகி, நல்ல கொத்தாகப் பார்த்து நாற்பது கொத்து உதிர்ந்தது. கடைசியில் துணிக்கு வந்தாள். காய் கோலிக்குண்டு அளவு திரண்டதும், காம்புக்கு மேலே குச்சியில், ஒரு விரல் நுழையும் அளவு தளர்த்தி ஒரு முடிச்சு. முதல் பூவில் பிடித்த காய்க்கு ஊதா, இரண்டாவதுக்குச் சிவப்பு, மூன்றாவதுக்குப் பச்சை. துணி கட்டிய நாளிலிருந்து தொண்ணூற்றைந்தாம் நாள் அந்த நிறத்தை மட்டும் பறிப்பாள். அவளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மரம் தப்பைக் காட்டும், அவள் திருத்திக்கொள்வாள். அதற்குப் பிறகு அமீருதீன் கடைக்கு அவள் தோட்டத்திலிருந்து ஒரு வெம்பல் போனதில்லை.

மற்ற பயிர்களிடமும் அவள் அப்படித்தான். ஆடியில் விதைத்த புடலங்காய் சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்க எல்லோரும் நுனியில் கல் கட்டுகிறார்கள். அவள் காய் வளர வளரக் கல்லை மாற்றுவாள். முதலில் புளியங்கொட்டை அளவு, பிறகு எலுமிச்சை அளவு. கிணற்றடியில் மூன்று டப்பாவில் கற்கள் அளவுவாரியாகக் கிடக்கும். கொய்யாவின் செங்குத்தான கிளைகளை வளைத்துக் கயிற்றால் தரையில் முளையடித்துக் கட்டிவைப்பாள். வளைந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த கணுவெல்லாம் விழித்துப் பூக்கும். எந்தக் கிளையை எந்த வாரம் வளைத்தாள் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். பலாவைத் தட்டிப் பார்ப்பாள், பிறகு காலையில் தட்டியது போதாதென்று வெயில் ஏறினதும் இன்னொரு தடவை தட்டிப் பார்ப்பாள். “அது காய்ம்மா, பேஷன்ட் இல்ல,” என்பான் தேவநாதன்.

இப்படிப்பட்டவளுக்கு இந்த வருஷம் ஒரு சங்கடம் வந்தது. அதற்கும் காரணம் அவளுடைய திருத்தமே.

பச்சைத் துணி இலையோடு கலந்துவிடுகிறது, தேடவேண்டியிருக்கிறது என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. மாசியில் மூன்றாம் பூவுக்குத் துணி கட்டும்போது, எப்போதோ கோயில் வேண்டுதலுக்காக எடுத்த மஞ்சள் புடவை ஒன்று கையில் அகப்பட்டது. எட்டத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. சாலையோரம் வேலியை ஒட்டி நிற்கும் பெரிய பங்கனபள்ளி மரத்தில் நாற்பத்து மூன்று மஞ்சள் துண்டுகள் கட்டினாள். தோட்டத்திலேயே அதிகம் காய்க்கிற, அமீருதீன் பெயர் சொல்லிக் கேட்கிற மரம் அது. கட்டி முடித்துச் சாலையில் நின்று பார்த்தவளுக்கு, இத்தனை வருஷம் இது ஏன் தோன்றவில்லை என்றிருந்தது.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். உத்திரத்தன்று பரிமளா திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மாலையில் திரும்பி வந்து மரத்தைப் பார்த்தவள் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

மஞ்சள் துணி அறுபதுக்கு மேல் இருந்தது. சிலவற்றில் மஞ்சள் கிழங்கு முடிந்திருந்தது. சிலதில் ஒரு ரூபாய்க் காசு. சாலைப் பக்கம் நீண்டிருந்த தாழ்ந்த கிளையில், ஊதாத் துணி கட்டிய கொத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு துணித் தொட்டில். அதற்குள் மரப்பாச்சி. அடிமரத்தில் மஞ்சளும் குங்குமமும் பூசி, கீழே ஒரு செங்கல்லை நட்டு, அதற்குப் பூ வைத்து, கற்பூரம் கொளுத்திய கரி.

செங்கல்லுக்குப் பக்கத்தில் எதிர் வீட்டுத் தைலம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“வாடி வா. எங்க போய்க்கினு வர்ற? உன் மரத்துக்கு வந்திருக்கிற யோகத்தப் பாரு. நடந்து போற பொம்பளைங்க எல்லாம் வேண்டுதல் மரம்னு கண்டுக்கினாங்க. கூட்டம்னா கூட்டம்.”

“பெரிம்மா, இது வேண்டுதல் இல்ல. நான் காய்க்குக் கட்டினது. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். நீ காய்க்குத்தான் கட்டின. ஆனா மஞ்சத் துணிய உன்னக் கட்ட வெச்சது யாரு? அத்தச் சொல்லு.”

பரிமளா தாழ்ந்த கிளைக்குப் போய்த் துணி முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தாள். தைலம்மாள் மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

“கூட்டத்துல இடிபட்டு நெறைய துணி அவுந்து வுழுந்து கெடந்திச்சி. காலு படக்கூடாதுன்னு எல்லாத்தையும் பொறுக்கி நானே திருப்பிக் கட்டிட்டேன். ஊதா, சேப்பு, மஞ்சா, ஒண்ணு வுடல.”

“எங்க கட்டினீங்க?”

“எங்கன்னா? மரத்துலதான்.”

கைக்கு எட்டிய கிளைகளில் இருந்த தேதியெல்லாம் போயிற்று. மேல்கிளைகள் பிழைத்தன. ஆனால் அந்த மரத்தின் பாதிக் காய், கையெட்டும் உயரத்தில் சாலைப் பக்கம்தான். பரிமளா ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, இறுக்கிக் கட்டியிருந்த வேண்டுதல் துணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, காம்பிலிருந்து கிளைக்கு நகர்த்தினாள். ஒன்றைக்கூட மரத்தை விட்டு எடுக்கவில்லை. கட்டினவள் எந்த ஊரோ, எந்தக் கஷ்டமோ.

அதோடு முடியும் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் நாலைந்து பேர் வர ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தி தவறாமல் வந்தாள். முப்பது வயது இருக்கும், ஒல்லி, தோளில் ஒரு காலேஜ் பை. தொட்டில் கட்டியது அவள்தான். பெயர் கலைப்பிரியா. தாய்வீடு ஒலக்கூர், வாழ்க்கைப்பட்டது காணையில். காணையிலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று மூன்று பஸ் மாறி வருகிறாள் எனத் தைலம்மாள் விசாரித்துச் சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருஷம். கலைப்பிரியா வந்தால் விளக்கேற்றுவாள், தொட்டிலை ஒரு தடவை ஆட்டுவாள், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வாள், வேலியோரம் நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

பரிமளாவால் அவளிடம் பேச முடியவில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் “தேங்ஸ்க்கா” என்பாள். அவ்வளவோடு திரும்பிவிடுவாள்.

சித்திரை இருபதில் அமீருதீன் போன் செய்தார். “இன்னாம்மா, ஊதா இருவத்தஞ்சு தானே? காலைல வண்டி எடுத்துக்கினு வந்துடட்டா?”

“வாங்க பாய்,” என்று வாய் சொல்லிவிட்டது.

அன்று சாப்பிடும்போது தேவநாதனிடம் கேட்டாள். “கீழ்க்கிளையில எது ஊதா, எது செவப்புன்னு தெரியல. ஊதா பறிச்சப்பறம் செவப்புக்கு இன்னும் பதினோரு நாள் இருக்குது. கலந்து பறிச்சா பாதி வெம்பிடும். வுட்டா ஊதா கொத்தெல்லாம் மரத்துலயே பழுத்து அணிலுக்கும் ஈக்கும் போவும். இன்னா பண்றது?”

“பறிச்சி ஏத்திடு. அமீரு பாய் இன்னா ஒவ்வொண்ணா எண்ணியா பாக்கப் போறாரு?”

“அவரு பாக்க மாட்டாரு. அதான் பேஜாரு.”

“பறிக்கறது இருக்கட்டும். தைலம்மா பெரிம்மா உன்ன மரத்துல ஏற வுடுவாங்களா? நேத்து ஏணிய எடுத்ததுக்கே, சாமி தோள்ல கால வெக்கிறியான்னு கேட்டுக்கினு இருந்தாங்களே.”

பரிமளா சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். மரத்தில் ஏறவேண்டுமானால், இது சாமி மரமில்லை என்று சொல்லியாக வேண்டும். எல்லோரிடமும் சொல்லிவிடலாம். மூன்று பஸ் மாறி வருகிறவளிடம் எப்படிச் சொல்வது?

சித்திரை இருபத்தைந்து வெள்ளிக்கிழமையாக வந்து விழுந்தது. ஏழு மணிக்கே அமீருதீனின் குட்டியானை வண்டி வேலியோரம் வந்து நின்றது. அவர் இறங்கி, மரத்தையும் செங்கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். தைலம்மாள் கையில் துடைப்பத்தோடு காவலுக்கு நின்றாள். எட்டு மணி பஸ்ஸில் கலைப்பிரியா வந்து இறங்கினாள். பரிமளா அவளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள்.

“உன் பேரு கலைப்பிரியா தானே? ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காத.”

“சொல்லுங்கக்கா.”

“அந்த மரத்துல சாமி கீமி யாரும் சொல்லி நான் துணி கட்டல. அது தேதி. எந்தக் காய் எப்பப் புடிச்சிதுன்னு தெரியறதுக்கு வருசா வருசம் கட்டறேன். இந்த வருசம் பச்சத் துணிக்குப் பதிலா மஞ்சத் துணி கட்டிட்டேன். நீ பாத்துட்டு வேண்டுதல்னு நெனச்சிட்ட. மொதல்லயே சொல்லியிருக்கணும். வாய் வரல.”

கலைப்பிரியா கிணற்றுச் சுவரில் இருந்த டப்பாக்களில் புடலைக்குக் கட்டும் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கும் என்று பரிமளா காத்திருந்தாள். ஆனால் கலைப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அஞ்சு வாரமா காலண்டருக்கா வெளக்கு ஏத்திக்கினு இருந்தேன்?”

பரிமளாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கப் பயமாக இருந்தது.

“எனக்கு அப்பவே சந்தேகம்க்கா,” என்றாள் கலைப்பிரியா. “வேண்டுதல் துணிய இவ்ளோ அழகா யாரு ஒரே அளவுல கிழிப்பாங்க? ஆனா ஒண்ணு. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போறேன்னா எங்க மாமியார் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. டாக்டர் இன்னா சொன்னாரு, மாத்திர போட்டியா, ஒரு கேள்வி கெடையாது. எங்க வூட்டுக்காரரு சித்தார்த்தன் கூட பஸ்ஸுக்குக் காசு குடுத்து அனுப்பறாரு. இந்த மூணு பஸ்ஸும் உங்க வேலி நெழலும் இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும். சாமி இல்லன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க.”

“சொல்லலன்னா நான் எப்டி மரம் ஏறுவேன்? இன்னைக்கிப் பறிக்கணும். அதுவும் தைலம்மா பெரிம்மா துணிய எல்லாம் மாத்திக் கட்டிட்டாங்க. எது இன்னைக்கிக் காய்னே தெரியல.”

“எப்ப மாத்தினாங்க?”

“உத்திரத்தன்னைக்கே. கூட்டம் போனப்பறம்.”

கலைப்பிரியா பையிலிருந்து போனை எடுத்தாள். “நாங்க விடிகாலையிலேயே வந்தோம்க்கா. கூட்டத்துக்கு முன்னாடி. மரம் பாக்க அழகா இருந்திச்சின்னு சுத்திச் சுத்தி எடுத்தேன். இங்க பாருங்க.”

பதினேழு போட்டோ. கீழ்க்கிளைகள் அத்தனையும். பரிமளா கட்டியது கட்டியபடி, ஊதாவும் சிவப்பும் மஞ்சளுமாக, விரலால் விரித்தால் முடிச்சுகூடத் தெரிந்தது. பரிமளா போனை வாங்கி முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

தைலம்மாளைச் சரிக்கட்டும் வேலையைக் கலைப்பிரியாவே எடுத்துக்கொண்டாள். “பெரிம்மா, இந்த மரத்துல மொதத் தொட்டில் கட்டினவ நான். சாமிக்கு மரம் பாரமா இருக்குதாம். காயப் பறிச்சி எறக்கிட்டா லேசாயிடும்.”

“உங்கிட்ட வந்து சொன்னுச்சா சாமி?”

“ஆமா.”

தைலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “எங்கிட்ட சொல்லலையே. தெனம் பெருக்கறது நானு.” பிறகு துடைப்பத்தைத் தாழ்த்தினாள். “சரி, குளிச்சிட்டு ஏறச் சொல்லு. செருப்பு கூடாது. மொதக் காய் செங்கல்லுக்கு.”

“தெனமும் குளிச்சிட்டுத்தான் பெரிம்மா ஏறறேன்,” என்றாள் பரிமளா. “எந்த ஊர்ல செருப்பு போட்டுக்கினு மரம் ஏறுவாங்க?”

வேலை தொடங்கியது. பரிமளா ஏணியில். கீழே கலைப்பிரியா போனைப் பார்த்துக் கூவினாள்: “தொட்டிலுக்கு வலப்பக்கம் கொத்து, ஊதா. அதுக்கு மேல, செவப்பு, வுட்டுடுங்க. கவட்டைகிட்ட ரெண்டு கொத்து, ஊதா.” பரிமளா காம்பை ஒரு விரல் நீளம் விட்டு வெட்டி, கீழே விரித்த வேப்பந்தழையில் காம்பு கீழாகப் பால் வடியக் கவிழ்த்து வைத்தாள். பால் பட்டால் தோலில் கறை விழும். ஒரு காயைக்கூடப் போடவில்லை, வீசவில்லை. அமீருதீன் தானும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடைக்கு வைக்கோல் பரப்பினார். “இந்தப் பொண்ணு இன்னா, கவர்மென்ட் ஏலம் மாதிரி கூவுது?” என்றார். இரண்டு இடங்களில் மட்டும் கலைப்பிரியாவின் குரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு, “ஊதா தான்,” என்றாள்.

தொட்டிலை அவள் அவிழ்க்கவில்லை. “இருக்கட்டும்க்கா. தெரிஞ்சி கட்டினதோ தெரியாம கட்டினதோ, கட்டினது கட்டினதுதான்,” என்றாள். காயெல்லாம் இறங்கிய கிளை ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. தொட்டிலும் அதோடு மேலே போனது.

ஒவ்வொரு பறிப்பிலும் பத்துக் காய்களைப் பரிமளா தன் வீட்டில் வைக்கோலில் வைத்துக்கொள்வாள். எந்தக் கிளையிலிருந்து எடுத்தது என்று காயின் அடியில் கரியால் ஒரு குறி இருக்கும். அனுப்பியது எப்படிப் பழுக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுடைய வழி அது. அடுத்த வெள்ளிக்கிழமை கலைப்பிரியா வந்ததும் இரண்டு பேருமாக வைக்கோலைப் பிரித்தார்கள். அறை முழுக்க வாசனை அடித்தது. ஒன்பது பழம், பொன் நிறம், காம்படித் தோள்பட்டை நிறைந்து, விரல் பட்டால் மெத்தென்று. பத்தாவது காம்படியில் சுருங்கியிருந்தது.

பரிமளா அதைத் திருப்பிக் கரிக்குறியைப் பார்த்தாள். “கவட்டைகிட்ட இருந்த கொத்து. நீ ஊதான்னு சொன்ன.”

கலைப்பிரியாவின் முகம் மாறியது. “அது போட்டோவுல நெழல் அடிச்சிது. சரியாத் தெரியலக்கா. தெரியலன்னு சொன்னா, போட்டோவே வேணாம்னு எறங்கிடுவீங்களோன்னு...”

“எத்தினி கொத்து அப்டி?”

“மூணு.”

பரிமளா கண்ணை மூடி அந்த மூன்று கொத்தையும் மனதில் கொண்டுவந்தாள். மூன்றும் சிவப்பென்றே கணக்கு வைத்தாள். மூன்று, மூன்று, நான்கு. பத்துக் காய். ஒன்று இங்கே இருக்கிறது. ஒன்பது கோட்டக்குப்பத்தில். அவளைத் திட்டவில்லை. போனை எடுத்து அமீருதீனைக் கூப்பிட்டாள்.

“பாய், அந்த லோடுல ஒம்போது வெம்பல் இருக்குது.”

“யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா. பழம் சர்க்கரையாட்டம் கீதுன்னு வாங்கிக்கினு போறாங்க.”

“இருக்குது பாய். நான் வர்றேன்.”

“ஒம்போது பழத்துக்கா?”

“ஜும்மா முடிஞ்சி கடையத் தொறந்ததும் வந்துடறோம்.”

கலைப்பிரியாவும் கூட வந்தாள். பாண்டியிலிருந்து விழுப்புரத்துக்கு எப்போதும் பஸ் உண்டு என்று அவளே சொன்னாள். திண்டிவனம் போய், பாண்டி பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோவில் கோட்டக்குப்பம் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. கடை வாசலில் அமீருதீன் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். பரிமளா உட்காராமல் நேராகக் கூடைகளிடம் போனாள். விற்காமல் இருந்த நான்கு கூடையையும் கொட்டி, பழத்தை ஒவ்வொன்றாகத் தோளில் கட்டைவிரலை வைத்துப் பார்த்து அடுக்கினாள். வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“இந்தம்மா யாரு பாய், ஆபீசரா?” என்று ஒருவர் கேட்டார்.

“தோட்டக்காரம்மா. அவங்க பழத்துல அவங்களே குத்தம் கண்டுபுடிக்க ஒலக்கூர்லேர்ந்து பஸ் ஏறி வந்துருக்காங்க,” என்றார் அமீருதீன். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவரும் கீழே குந்தி உட்கார்ந்து அவள் கூடவே பார்க்க ஆரம்பித்தார்.

ஆறு கிடைத்தது. ஆறும் சுருக்கம் விழுந்தவை. பரிமளா அவற்றைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். “இன்னும் மூணு.”

“அது வித்துடுச்சி போல. வுடும்மா.”

“இந்த ஆறும் ஒரே கூடையிலதான் இருந்துச்சி பாய். இந்தக் கூடைய எப்பத் தொறந்தீங்க?”

அமீருதீன் யோசித்தார். “நேத்து சாயந்தரம். அதுலேர்ந்து எடுத்துக்கினு போனது ஜமீலா பீவி மட்டும்தான். ஒரு டஜன். அடுத்த தெருவு. பச்சக் கதவு.” பிறகு அவசரமாக, “அங்க போய்க் கேக்காதீங்க, என் கடைக்குக் கெட்ட பேரு,” என்றார். அதற்குள் பரிமளா தெருவில் இறங்கிவிட்டாள். கலைப்பிரியா அவர் பக்கம் திரும்பிக் கையை விரித்துக் காட்டிவிட்டு ஓடினாள்.

பச்சைக் கதவைத் திறந்த ஜமீலா பீவிக்கு அறுபது வயதிருக்கும். பரிமளாவின் பையில் மாம்பழத்தைப் பார்த்ததும், மூத்த மகன் யாஹ்யா துபாயிலிருந்து வந்திருக்கிறான் என்றும், அவனுக்காகத்தான் பழம் வாங்கியது என்றும், யார் என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

“அம்மா, அமீரு பாய் கடையில நேத்து நீங்க வாங்கின மாம்பழம் என் தோட்டத்துது. அதுல மூணு வெம்பல் வந்துடுச்சி. தப்பு என்னுது. மாத்திக் குடுக்கலாம்னு வந்தேன்,” என்று பரிமளா, வீட்டு வைக்கோலில் பழுத்த நல்ல பழம் மூன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

“அதுவா? மூணு சுருங்கிக் கெடந்திச்சி. புளிச்சிது. தூக்கிப் போட மனசு வரல. காலையில மீன் ஆணத்துல நறுக்கிப் போட்டுட்டேன்.” ஜமீலா பீவி உள்பக்கம் திரும்பி, “யாஹ்யா, ஆணம் எப்டிடா இருந்துச்சி?” என்று கேட்டார்.

“இன்னும் இருந்தா ஊத்துங்கம்மா,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“பாத்தியா? ரெண்டு தட்டு சோறு அதிகமா எறங்கிச்சி. எம்மா, அந்த மாதிரி சுருங்கினது இன்னும் கெடைக்குமா?”

கலைப்பிரியா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பரிமளா பையைத் திறந்து ஆறு வெம்பலையும் எடுத்து வாசற்படியில் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் நல்ல பழம் மூன்றையும் வைத்தாள்.

“இதுக்கு எவ்ளோ?”

“வெம்பலுக்கு நான் காசு வாங்கறதில்லம்மா,” என்றாள் பரிமளா. ஒன்பது வெம்பலும் முழுசாகக் கணக்கில் வந்து சேர்ந்துவிட்ட முகத்தோடு அவள் படியிலேயே உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.